பெரட்டுக் கணக்கு

"செமுவா சுக்கூப், புவான்?"

எல்லாரும் இருக்கிறார்களா, ஆள் கணக்கு சரியா என்று கேட்கிறார். பொம்பா (தீயணைப்பு) வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தீ எங்கே, எப்படிப் பிடித்தது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் புகை அவருக்கே தெரிந்தது. நான் நான்கு பக்கப் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் நின்றேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்பட்டணம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில் பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். 11 வருடம் ஆகிறது. இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் ஊர்ப்பெயரும் வளாகத்தின் பெயரும் வேண்டாம். ஒற்றைக் கடைத்தெரு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ராத்திரியிலும் புகைவிடும் செம்பனை எண்ணெய் ஆலை என்று ஓர் ஊரை நீங்கள் பார்த்திருந்தால் எங்கள் ஊரையும் பார்த்த மாதிரிதான். வளாகம் இருக்கும் நிலம் முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை. என் அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர்.

2023 தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, பிப்ரவரி 5. திங்களும் விடுமுறை என்பதால் வெள்ளி மாலையே பாதிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சனி இரவு நான் குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். 2:40-க்கு மணி அடித்தது.

அந்த மணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அது ஏழெட்டு முறை சும்மா அடித்திருந்தது. புகை உணரும் கருவிக்குள் தூசியோ பூச்சியோ போனால் போதும், புகை என்று நினைத்து அலறும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரண்டு படுப்பார்கள். எங்கள் ஜாகாவும், அதாவது காவலாளியும், பழகிவிட்டார். நேப்பாளத்துக்காரர், தங்கமான மனிதர். மணி அடித்தால் முதலில் பெட்டியில் சத்தத்தை நிறுத்துவார், அப்புறம்தான் போய்ப் பார்ப்பார். ராத்திரியில் பிள்ளைகள் தூக்கம் கெடுகிறது என்று அப்படிச் செய்யச் சொன்னது நாங்கள்தான். அன்றைக்கும் நிறுத்தினார். உண்மையிலேயே தீப்பிடித்திருந்த அந்த இரண்டு நிமிடமும் கட்டடம் அமைதியாக இருந்தது.

தீக்குக் காரணம் ஒரு பவர் பேங்க். மெத்தைமேல், போர்வைக்கு அடியில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு லேசான தூக்கம். பாம்பு சீறுகிற மாதிரி சத்தம் கேட்டதாம். கண்ணைத் திறந்தால் தோழியின் கட்டில் ஓரத்தில் வெள்ளைப் புகை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடியவள், புகை பின்னாலேயே வருகிறதே என்ற பயத்தில் கதவை அடித்துச் சாத்தினாள். அந்தக் கதவுதான் அன்றைக்குப் பெரிய உதவி. மெத்தை இரண்டும் அலமாரியும் எரிந்தன, ஆனால் புகையில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே நின்றது. ஓடும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடு, பூட்டாதே. இதை இப்போது புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் நேரில் சொல்கிறேன். சாத்தின கதவு தீக்கும் புகைக்கும் குறுக்கே நிற்கும் சில நிமிடங்கள்தான் மற்ற அறைக்காரர்கள் இறங்குவதற்கான நேரம்.

அடுத்து வருவது என் தப்பு. முந்தைய டிசம்பரில் இரண்டு மடிக்கணினிகள் திருடுபோயின. பின்பக்க மாடிப்படியின் கிரில் கதவை இரவில் பூட்டி வைக்கச் சொன்னது நான்தான். கட்டடத்துக்கு இரண்டு படிகள். மூன்றாவது மாடியில் தீப்பிடித்த அறை முன்படிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தாண்டப் பயந்த பிள்ளைகள் பின்படி வழியாக இறங்கிவந்து கீழே பூட்டின கிரில்லில் முட்டி நின்றார்கள். நான் ஓடிவந்தபோது கம்பிக்கு வெளியே நீட்டிய கைகள்தான் முதலில் தெரிந்தன. ஒருத்தி கையில் மருதாணி. இழுத்து இழுத்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சாவிக்கொத்தில் 23 சாவிகள். ஒன்றுக்கும் அடையாளம் கிடையாது. பகலில் எந்தச் சாவி என்று கை தானாகப் போகும், அந்த நேரத்தில் போகவில்லை. ஐந்தாவது சாவி திறந்தது.

2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சின்னப் பையன்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருந்ததால் வெளியேற முடியவில்லை. அன்றைக்குப் பேப்பரில் படித்துவிட்டு, "பாவம் பிள்ளைங்க" என்று சொல்லி வருத்தப்பட்டவள்தான் நான். ஐந்து வருடம் கழித்துத் திருட்டுக்குப் பயந்து அதே மாதிரிக் கம்பிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. திருடனைத் தடுக்கவும் அது போதும். இதை முன்பே செய்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை.

999-க்கு அழைத்தது 2:46-க்கு. போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா எல்லாவற்றுக்கும் அதே எண்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, தீ, சீக்கிரம் வாங்க என்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாக, எந்த ஊர், எந்த வளாகம், எந்தச் சாலை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தோட்டச் சாலைக்குப் பெயர் என்ன? நாங்கள் அதை 'பழைய ஸ்டோர் ரோடு' என்போம். அரசாங்க வரைபடத்தில் ஸ்டோரும் கிடையாது, ரோடும் கிடையாது. வாய் குழறியது. இப்போது ஜாகா மேசையிலும் ஒவ்வொரு மாடியிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. எந்தக் கட்டடம், முழு முகவரி, பெரிய சாலையில் எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், எந்தக் கேட், உள்ளே எத்தனை பேர் என்று மலாயில் ஐந்தே வரி. பதற்றத்தில் இருப்பவர் யோசிக்க வேண்டாம், பார்த்துப் படித்தால் போதும். அடியில் ஆறாவதாக ஒரு வரி: ஒருவர் டார்ச்லைட்டோடு சந்திப்புக்கு ஓட வேண்டும். அன்றைக்கு அதை யாரும் செய்யவில்லை. வண்டி ஒரு முறை எங்கள் சந்திப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

3:10-க்கு வந்தார்கள். 17 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்திலிருந்து அந்நேரத்தில் அது நல்ல வேகம்தான். வந்தவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

என் பட்டியலில் 216 பேர். அக்டோபரில் சேர்ந்தபோது அச்சடித்தது. அதற்கப்புறம் அறை மாறியவர்கள், படிப்பை விட்டுப் போனவர்கள், இடையில் வந்தவர்கள் எதுவும் அதில் இல்லை. திடலில் நின்றவர்களை எண்ணினேன், 93. விடுமுறைக்குப் போவோர் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் 71. மீதி 52 பேர் வீட்டில் இருக்கலாம், மேலே இருக்கலாம். நீண்ட விடுமுறைக்கு யார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்? நானே அதைக் கேட்டு வாங்கியதில்லை.

பிள்ளைகள் பாதிப்பேர் போனை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இருந்த போன்களை வைத்து ஒவ்வொருவராக அழைத்தோம். அந்நேரத்தில் அப்பா அம்மாக்களை எழுப்பி, உங்கள் மகள் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டால் அவர்கள் நிலைமை என்ன ஆகும்? சிலர் அழுதார்கள். பீடோரிலிருந்து ஓர் அப்பா, மகள் பக்கத்து அறையில் தூங்குவதைப் பார்த்த பிறகும், மனசு கேட்காமல் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். இதற்கிடையில் வாட்ஸாப்பில் மூன்று பேர் இறந்துவிட்டதாக ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பித்தது. யார் பேசியது என்று இன்றுவரை தெரியாது.

3:30-க்கு 52 என்பது 1 ஆகக் குறைந்தது. தெலுக் இந்தான் பொண்ணு ஒருத்தி, அறை 312, எரிந்த அறைக்கு இரண்டு கதவு தள்ளி. புத்தகத்தில் கையெழுத்து இல்லை. அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அம்மா போனும் எடுக்கவில்லை.

அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரைக் காட்டினார். மூச்சுக்கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்கள். அவ்வளவு நேரத்துக்குள் தீ அடங்கியிருந்தது, புகை அடங்கவில்லை. 312 கதவை உடைத்தார்கள், கட்டில் காலி. குளியலறை, துணி காயப்போடும் இடம், மாடிப்படிக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அவர்கள் டார்ச் வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்துபோவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

3:55-க்கு என் போன் அடித்தது. "அக்கா, இவ்ளோ மிஸ்ட் கால் இருக்கு, என்னாச்சு?" பின்னால் உறுமிச் சத்தம், "வேல் வேல்" என்று கூட்டம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்துவிட்டு இப்போதுதான் அம்மாவின் பையிலிருந்து போனை எடுத்தாளாம். நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே இல்லாத ஒருத்தியைத் தேடி இரண்டு பேர் 25 நிமிடம் புகைக்குள் நடந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கணக்கு என் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது 81. முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, பெரட்டு எடுக்கலியா நீங்க?"

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். ஆட்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். அதுதான் பெரட்டு. சம்பளத்துக்காக எடுக்கிற கணக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பா சொன்னது வேறு. மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும்போது இன்னொரு கணக்கு மனசுக்குள் ஓடும். காலையில் இவருடைய கும்பலில் 34 பேர் காட்டுக்குள் போனார்கள் என்றால், 34 வாளி திரும்பி வர வேண்டும். 33 என்றால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பாம்பு கடித்திருக்கலாம், கிளை விழுந்திருக்கலாம், இடி விழுந்திருக்கலாம். ஒரு முறை எட்டாம் நம்பர் காட்டில் காலைப் பிசகிக்கொண்டு கிடந்த ஒரு பாட்டியை இருட்டுவதற்குள் தூக்கிவந்தது அந்த ஒரு வாளி குறைந்ததால்தான். "கணக்கு ஆபீஸ்ல இருக்கக்கூடாதும்மா, ஆள் கூட நடக்கணும்" என்றார்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தோம். முதலில் வாட்ஸாப்பில் தினமும் இருக்கிறேன், இல்லை என்று அழுத்தச் சொல்லிப் பார்த்தோம். ஒரே மாதத்தில் வீட்டில் சாய்ந்து படுத்தபடி 'இருக்கிறேன்' என்று அழுத்துகிறார்கள் என்று தெரிந்தது. கரண்ட் போனால் வைஃபையும் போகும். அதை விட்டுவிட்டோம்.

இப்போது இருப்பது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு மண்டோர்கள், இடதுபக்கத்துக்கு ஒருத்தி, வலதுபக்கத்துக்கு ஒருத்தி. அந்தப் பெயரைக் கேலியாகத்தான் வைத்தேன். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் தெரியும், அதனால் ஒட்டிக்கொண்டது. இரவு 11 மணிக்கு அவள் தன் பக்கத்து அறைகளைத் தட்டி எண்ணி, படியோரம் ஆணியில் தொங்கும் சின்ன வெள்ளைப் பலகையில் அறை எண்ணும் ஆள் எண்ணிக்கையும் எழுதுவாள். பெயர்கூட வேண்டாம். மணி அடித்தால் பலகையைக் கழற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அவள் ஊருக்குப் போனால் பலகையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கீழே என்னிடம் எட்டுப் பலகைகள் வரும், எட்டு எண்கள். நின்றவர்களை எண்ணிப் பார்த்தால் அவ்வளவுதான்.

பயிற்சி நடத்தாமல் இதெல்லாம் வேலைக்கு ஆகாது. முதல் பயிற்சியை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புதன் காலை 10 மணிக்கு நடத்தினோம். நாலே நிமிடத்தில் எல்லாரும் கீழே. கைதட்டிக்கொண்டோம். பார்க்க வந்த பொம்பா அதிகாரி சிரித்துவிட்டு, விடியற்காலையில் ஒரு தடவை செய்து பாருங்கள் என்றார். செய்தோம். மழை தூறியது. 14 நிமிடம் ஆனது. ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு மாணவி இரண்டாவது மாடியில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறுவாரமே தரைத்தளத்தில் அறை மாற்றிக் கொடுத்தோம். அவளுக்கு அதில் ஒரு வருத்தம், மாடியில் காற்று நன்றாக வருமாம்.

அதே பயிற்சியில் இன்னொன்றும் தெரிந்தது. கூடும் இடம் என்று பச்சைப் பலகை நட்டிருந்த மரத்தில் பெரிய குளவிக்கூடு. போதாததற்கு, பொம்பா வண்டி நுழைந்து நிற்க வேண்டிய இடமும் அதுவேதான். வருடக்கணக்காக அந்தப் பலகையைத் தினமும் கடந்து போகிறோம், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்கும் சிவப்புக் குழாய் லாலான் புல்லுக்குள் மறைந்திருந்தது. இப்போது புல்வெட்டுகிறவரிடம் மாதம் ஒரு முறை குழாயைச் சுற்றி வெட்டச் சொல்லியிருக்கிறேன். கூடும் இடம் திடலின் மறுகோடிக்குப் போய்விட்டது. எதிர்த்திசையில் இரண்டாவதாக ஓர் இடமும் குறித்தோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் 111 பள்ளிகளை மூடினார்களே, அதைப் பார்த்த பிறகு ஒரே இடத்தை நம்பக்கூடாது என்று தோன்றியது. எங்கள் ஊரில் ரப்பர் பால் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, அங்கே அமோனியா உண்டு. காற்று அங்கிருந்து வீசினால் எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கொடியைப் பார்த்து முடிவு செய்வோம்.

தீயணைக்கும் சிலிண்டரைப் பற்றி. 9 கிலோ பொடி என்று எழுதியிருக்கும், சிலிண்டரோடு சேர்த்துத் தூக்கினால் அதைவிடக் கனம். ஊசியை இழு, குழாயை நெருப்பின் அடிக்குக் காட்டு, பிடியை அழுத்து, இடம் வலமாக வீசு. தெரிந்த பாடம்தான், ஆனால் ஒரு தடவை கையால் செய்து பார்த்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பொடி அரை நிமிடம்கூட வராது. வெளியேறும் வாசல் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தீ உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டால் அதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பவர் பேங்க் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பொடி சுடரை அணைத்துவிடும், உள்ளே சூடு இருந்துகொண்டே இருக்கும், திரும்பவும் பற்றும். அன்றைக்கு எரிந்ததைப் பொம்பாக்காரர்கள் வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். கட்டிலில் சார்ஜ் போடக்கூடாது என்று விதி போட்டிருக்கிறோம். மீறுகிறார்கள். அறைக்கு அறை போய்ப் பிடுங்க என்னால் முடியாது, மேசைப் பக்கம் கூடுதலாக இரண்டு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் நிறையவே குறைந்தது.

பெற்றோருக்குத் தகவல் போவது ஒரே ஆளிடமிருந்து, ஒரே போனிலிருந்து, மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். முதல் செய்தி பதினைந்து நிமிடத்துக்குள் போக வேண்டும், ஒன்றும் தெரியாவிட்டால்கூட. "தீ ஏற்பட்டது, பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம், அடுத்த தகவல் 3:30-க்கு" என்று போட்டால் போதும். நேரத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் காத்திருப்பார்கள், நாம் அந்த நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் கேட்டு நான் எழுதிய மனுக்கள் ஒரு வருடத்துக்கு மேல் யாரோ ஒருவர் மேசையில் தூங்கின. அப்புறம் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. அவசர நேரத்து நடைமுறைகளை வகுத்து வைப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளரும் வேண்டும். சட்டத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு பின் பண்ணி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. வார்டன் வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், இந்த உபாயத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளி விடுமுறையில் இரவு 11:30 மணி சுமாருக்கு, கேண்டீனிலிருந்து கேஸ் வாடை வருகிறது என்று ஒரு பிள்ளை ஓடிவந்து சொன்னாள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். சுவிட்சைத் தொடாமல், விளக்கைப் போடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு ஜாகா தோம்பின், அதாவது கேஸ் சிலிண்டரின், வால்வை மூடினார். ரப்பர் குழாய் வெடித்திருந்தது. நான் அதற்குள் மணியை அடித்துவிட்டேன். ஊருக்குப் போகாதவர்கள், பெரும்பாலும் சபா, சரவாக் பிள்ளைகள், திடலுக்கு வந்தார்கள். எட்டுப் பலகையும் வந்தன. கூட்டினால் 58. ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாடி வலதுபக்க மண்டோர் மட்டும் நெளிந்துகொண்டு நின்றாள். தலைகளை எண்ணினேன். 59. மறுபடி எண்ணினேன். 59.

"கக்," (அக்கா) என்றாள் மெதுவாக, "206-ல தங்கச்சி ஒண்ணு வந்திருக்கு. பலகையில எழுதினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு எழுதல."

வரிசைக் கடைசியில் பன்னிரண்டு வயசிருக்கும், ஒரு குட்டிப் பொண்ணு, தூக்க உடையில், காலையில் நான் அக்காமார்களுக்குக் கொடுத்த முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அனுமதி இல்லாமல் விருந்தாளியைத் தங்க வைத்தால் 50 ரிங்கிட் அபராதம். பேனாவை வாங்கி, பலகையில் 206-க்கு நேராக இருந்த 2-ஐ அழித்துவிட்டு 3 என்று எழுதினேன்.